108 கிலோ, 90 நாள் சேலஞ்ச்: உடம்புதான் போச்சுன்னு பாத்தா மூளையும் போச்சா?

கோவை_மந்தன்:
வணக்கம் மக்களே. ரொம்ப நாளா சத்தமில்லாம படிச்சுட்டுப் போறவன், மொத தடவையா இழை போடறேன், நீளமாப் போச்சுன்னா பொறுத்துக்கங்க.

வயசு 41, உயரம் 5 அடி 7 இஞ்ச், சேலஞ்சுல சேரும்போது எடை 108, இடுப்பு 46. பம்ப் கம்பெனில பர்ச்சேஸ் வேலை, காலைல ஒம்போதுக்கு உக்காந்தா எந்திரிக்க ஏழாயிரும். பிப்ரவரில ஒரு எடத்துல 90 நாள் சேலஞ்ச்னு சேந்தேன், பேர் வேண்டாம். காலைல அஞ்சரைக்கு பேட்ச், வாரத்துக்கு ஆறு நாள், பர்பி (படுத்து எந்திரிச்சு குதிக்கறது), பாக்ஸ் ஜம்ப், கயிறு, ஸ்குவாட் எல்லாம் நிறுத்தாம. கூடவே 1200 கலோரி டயட் சீட்டு. மூணு வாரத்துல 6 கிலோ போச்சு, ஆபீஸ்ல எல்லாரும் என்ன மந்தா கன்னம் வத்திருச்சேன்னு கேக்க எனக்கு ஒரே குஷி.

அஞ்சாவது வாரத்துல இருந்து ஆரம்பிச்சுது பாருங்க. பேரு மறக்குது. 40 பேரிங்குக்கு ஆர்டர் போட வேண்டியவன் 400ன்னு போட்டு அனுப்பிட்டேன், நல்லவேளை சப்ளையர் போன் பண்ணி சார் நெசமாவா-ன்னு கேட்டாரு. பொண்ணு நோட்டுக்கு அட்டை போடக் கேட்டதுக்கு கத்திட்டேன், அவ அழுதுட்டா. பகல் பூரா டயட் சீட்டுப்படி இருந்துட்டு ராத்திரி பதினொண்ணுக்கு ஃபிரிட்ஜ் வெளிச்சத்துல நின்னுட்டு மாமியார் குடுத்துவிட்ட தேங்கா பர்ஃபி ஒரு டப்பாவ காலி பண்ணிருக்கேன், அதுல கால்வாசி எப்ப தின்னேன்னே நெனவில்ல. வலது முட்டி வேற வீங்கிருச்சு. 52வது நாளோட நின்னுட்டேன். ட்ரெய்னர் "வலி இல்லாம கொழுப்பு கரையாது அண்ணா, மைண்ட் வீக்கா இருக்கு உங்களுக்கு"ன்னு சொல்லி அனுப்பிட்டாரு.

இப்ப மூணு மாசமா ரேஸ்கோர்ஸ்ல நடை மட்டும். எடை 104ல நிக்குது, அசைய மாட்டேங்குது. ஆனா கோவம் கொஞ்சம் கொறஞ்சிருக்குன்னு வீட்ல சொல்றாங்க. மறதி மட்டும் முழுசாப் போகல, மதியம் மீட்டிங்ல கண்ணு சொருகுது. கொழுப்பு மூளைய கெடுக்குதா, இல்ல அந்த எக்ஸர்சைஸ் கெடுத்துச்சா, இல்ல எல்லாமே என் மனப்பிராந்தியா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தூத்துக்குடி_உப்பு:
தேங்கா பர்ஃபிய குத்தம் சொல்லாதீங்க அண்ணாச்சி, அது என்ன பண்ணும் பாவம். அந்த 400 பேரிங் இன்னும் இருக்கா, பாதி வெலைக்கு நான் எடுத்துக்கிடுதேன்.

லேப்_எலி:
மனப்பிராந்தி இல்ல அண்ணா. நான் நரம்பியல்ல ஆராய்ச்சி பண்ற ஆளு, டாக்டர் இல்ல, அத மொதல்லயே சொல்லிடறேன், பெரும்பாலும் எலிங்க கூடத்தான் பழக்கம்.

கொழுப்புன்னா சும்மா மூட்டையா அடுக்கி வெச்ச சரக்குன்னு நெனைக்கறோம். அது ஒரு சுரப்பி மாதிரி நாள் பூரா ரத்தத்துல எதையாவது ஊத்திக்கிட்டே இருக்கும். 1994ல ஜெஃப்ரி ஃப்ரீட்மேன் குழு லெப்டின்னு ஒரு ஹார்மோன கண்டுபிடிச்சாங்க. கொழுப்பு செல் அனுப்புற தகவல் அது, "இருப்பு போதும், சாப்பாட்ட நிறுத்து"ன்னு மூளைல ஹைபோதலாமஸ்க்கு சொல்லும். அப்ப குண்டா இருக்கறவங்களுக்கு லெப்டின் நெறையத்தான இருக்கணும்? இருக்கு. நெறையவே இருக்கு. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல குடியிருக்கிறவனுக்கு ஹார்ன் சத்தம் காதுல ஏறாதுல்ல, அதே கதைதான், மூளைக்கு அது மரத்துப் போயிடுது. அதனால 108 கிலோவுல இருந்தாலும் உள்ள இருக்கறவன் "பஞ்சம், பஞ்சம்"னு அலறுவான். இதுல நீங்க 1200 கலோரின்னு சீட்டு வேற குடுத்திருக்கீங்க.

ரெண்டாவது அழற்சி. வயித்துக்குள்ள குடல சுத்தி இருக்கற கொழுப்பு டிஎன்எஃப், இன்டர்லூகின்னு வீக்கம் வரவைக்கற சாமான்கள கசியவிடும். காய்ச்சல் வந்தா தலை மந்தமா இருக்கும்ல, அதோட ரொம்ப சின்ன டோஸ், ஆனா வருஷக்கணக்கா. கலிஃபோர்னியால 6583 பேருக்கு நாப்பது நாப்பத்தஞ்சு வயசுல தொப்பைய அளந்து வெச்சு முப்பது வருஷத்துக்கு மேல கழிச்சு யாருக்கு டிமென்ஷியா, அதாவது மறதி நோய், வந்துச்சுன்னு பாத்தாங்க, 2008ல வந்த ஆய்வு. தொப்பை ரொம்பப் பெருசா இருந்த அஞ்சுல ஒரு பங்கு ஆளுங்களுக்கு, தொப்பை கம்மியா இருந்தவங்கள விட கிட்டத்தட்ட மூணு மடங்கு. தொப்பைதான் காரணம்னு இத வெச்சு அடிச்சு சொல்ல முடியாது, சேந்து வருதுங்கறது மட்டும் உறுதி.

ஆனா உங்களுக்கு அஞ்சாவது வாரத்துல நடந்தது வேற. அத ராத்திரி எழுதறேன், இப்ப எலிக்கு தீனி போடணும்.

பழைய_கபடி:
நல்லா இருக்குப்பா கத. நாங்கல்லாம் சவுக்குத் தோப்பு மணல்ல வாந்தி எடுக்கற வரைக்கும் ஓடினவனுங்க, எவனுக்கும் மூளை கெடல. தம்பி 52 நாள்ல நின்னதுதான் தப்பு, 90 முடிச்சிருந்தா உடம்பு பழகியிருக்கும். சும்மா ரேஸ்கோர்ஸ்ல கைய வீசிக்கிட்டு நடந்தா மணிக்கணக்கா நடக்கலாம், ஒரு கிராம் கூட கரையாது. டபாட்டா பண்ணச் சொல்லுங்க, நாலே நிமிஷம், ஜப்பான்காரன் நிரூபிச்சது.

மலர்_மொட்டைமாடி:
அண்ணா நீங்க அந்த மணல்ல ஓடினப்ப எத்தன கிலோ?

பழைய_கபடி:
62.

மலர்_மொட்டைமாடி:
சரிங்க அண்ணா.

லேப்_எலி:
மலர் அக்கா பாதி வேலைய முடிச்சிட்டாங்க.

டபாட்டா 1996 பேப்பர நான் படிச்சிருக்கேன். அந்த முறைய உண்மைல உருவாக்கினவரு ஜப்பான் ஸ்பீட் ஸ்கேட்டிங் கோச் இரிசாவா, டபாட்டா அத அளந்து பாத்தவரு. 20 செகண்ட் மிதி, 10 செகண்ட் நில்லு, ஏழெட்டு தடவ. அந்த 20 செகண்டு வேகம் எவ்வளவுன்னா உங்க உச்சபட்ச ஆக்ஸிஜன் அளவுக்கு 170 சதவீதம். பண்ணினவங்க ஏற்கனவே நல்லா பயிற்சில இருந்த இளவட்டப் பசங்க, அதுவும் சைக்கிள்ல உக்காந்து. 108 கிலோ ஆள காங்க்ரீட் தரைல குதிக்க வெச்சு அதுக்கு டபாட்டான்னு பேர் வெச்சா இரிசாவாவே அழுதுடுவாரு.

அதுக்காக தீவிரமா செய்யறதே தப்புன்னு நான் சொல்லல, இத கவனிங்க. நார்வேல 2008ல சுகர், பிரஷர், தொப்பைன்னு எல்லாம் சேந்த 32 பேர மூணு கூட்டமா பிரிச்சு, ஒண்ண சும்மா விட்டுட்டு மத்த ரெண்டையும் ரெண்டு விதமா பயிற்சி பண்ண வெச்சாங்க, ட்ரெட்மில்ல. ஒரு கூட்டம் நிதானமா, இன்னொரு கூட்டம் 4 நிமிஷம் இதயத்துடிப்பு உச்சத்துல 90 சதவீதம் வரைக்கும் ஏத்தி 3 நிமிஷம் ஆசுவாசப்படுத்தி, இப்படி நாலு தடவ. 16 வாரத்துல தம் புடிக்கற சக்தி நிதானக் கூட்டத்துக்கு 16 சதவீதம் ஏறுச்சு, வேகக் கூட்டத்துக்கு 35. கபடி அண்ணன் சொல்றதுலயும் விஷயம் இருக்கு. ஆனா அவங்க வாரத்துக்கு மூணே நாள், ஏத்தத்துல நடை இல்ல ஓட்டம், குதியே கெடயாது, பக்கத்துல ஆளு நின்னு துடிப்பு பாத்தாங்க. மந்தன் அண்ணன் ஆறு நாள், தூக்கம் கம்மி, சாப்பாடு கம்மி.

இப்ப அஞ்சாவது வாரக் கதை. 2019ல பிரான்ஸ்ல ஒரு ஆய்வு. 37 பேர், எல்லாம் ட்ரயத்லான் மாதிரி போட்டிக்குப் போற ஆம்பளைங்க. அதுல பாதி பேருக்கு மூணு வாரம் பயிற்சிய 40 சதவீதம் ஏத்தினாங்க. அப்பறம் ஸ்கேன்ல படுக்க வெச்சு, இப்பவே இந்த சின்னக் காசு வேணுமா, பொறுத்திருந்து பெரிய காசு வேணுமான்னு கேட்டாங்க. ஓவரா பயிற்சி பண்ணினவங்க "இப்பவே குடு" பக்கம் சாஞ்சாங்க. நெத்திக்குப் பின்னாடி பக்கவாட்டுல ஒரு பகுதி இருக்கு, ஆசைய அடக்கி திட்டம் போடற எடம், அங்க வேலை கொறஞ்சிருந்துச்சு. தசை களைச்ச மாதிரி அதுவும் களைச்சிடுது. பர்பிக்கு முன்னாடி நின்னு "இன்னொண்ணு, இன்னொண்ணு"ன்னு உடம்ப வெரட்டறதும், பர்ஃபிக்கு முன்னாடி நின்னு "வேண்டாம்"னு சொல்றதும் ஒரே ஆளு. காலைலயே அவன சக்கையா புழிஞ்சிட்டா ராத்திரி பதினொண்ணுக்கு காவலுக்கு யாரு இருப்பா?

அவங்க தடகள ஆளுங்க, நீங்க அப்படி இல்ல, அதனால அப்படியே உங்களுக்குப் பொருத்திட முடியாது. ஆனா மைண்ட் வீக்குன்னு சொன்ன ட்ரெய்னர்கிட்ட இத குடுக்கலாம்.

தூத்துக்குடி_உப்பு:
பர்பிக்கும் பர்ஃபிக்கும் ஒரே ஆளு காவல். இத எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டிட்டேன்.

சைதை_சரவணன்:
எங்கப்பா இந்த ஜிம் பேச்சையே எடுக்க விடமாட்டேங்கறாரு ப்ரோ. 2021 அக்டோபர்ல கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 46 வயசுல போனாருல்ல, அன்னிலேர்ந்து "ஃபிட்டா இருந்தவனுக்கே அப்படின்னா உனக்கு"ன்னு ஆரம்பிச்சிடுவாரு. எனக்கு 29 வயசு 97 கிலோ. ஆபீஸ் பசங்களோட ஞாயித்துக்கிழமை மட்டும் டர்ஃப்ல ஃபுட்பால், மத்தபடி லிஃப்ட்டுதான்.

ராத்திரி_டூட்டி:
ஐசியூல ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன், டூட்டி முடிஞ்சு பஸ்ல டைப் பண்றேன் எழுத்துப்பிழை இருக்கும்.

சரவணன் தம்பி, ஒருத்தர் சாவ வெச்சு ஜிம் மேல பழி போடறதுல அர்த்தம் இல்ல, அவங்கவங்க இதயத்துல உள்ள என்ன இருந்துச்சுன்னு வெளிய இருக்கற நமக்கு என்ன தெரியும். ஆனா ஞாயித்துக்கிழமை மட்டும் ஃபுட்பால்னு சொன்னீங்க பாத்தீங்களா, எனக்கு பயம் அதுலதான். 1993ல மாரடைப்பு வந்த 1228 பேர விசாரிச்ச பெரிய ஆய்வு ஒண்ணு இருக்கு, எங்க கிளாஸ்ல சொல்லுவாங்க. கடுமையா உடம்ப வருத்தின அடுத்த ஒரு மணி நேரத்துல மாரடைப்பு அபாயம் எத்தன மடங்கு ஏறுதுன்னு பாத்தாங்க. வாரத்துக்கு அஞ்சு தடவையோ அதுக்கு மேலயோ பழக்கம் இருக்கறவங்களுக்கு 2.4 மடங்கு. வாரத்துக்கு ஒரு தடவ கூட பழக்கம் இல்லாதவங்களுக்கு 107 மடங்கு. ஒரு தனி ஆளுக்கு அந்த ஒரு மணி நேரத்துல வர்ற வாய்ப்பு அப்பவும் ரொம்ப சின்னதுதான், பயந்து உக்காந்துடாதீங்க. வாரத்துல மத்த நாள்லயும் நடங்க, ஃபுட்பால் தானா பத்திரமாயிடும். அப்பா கிட்ட இந்த 2.4க்கும் 107க்கும் நடுவுல உள்ளத காட்டுங்க.

இன்னொண்ணு. போன வருஷம் எங்க வார்டுக்கு ஒரு பையன் வந்தான், கல்யாணம் நிச்சயமானவன், எடை கொறைக்கணும்னு மொத நாளே பந்தயம் கட்டி 300 ஸ்குவாட். ரெண்டாம் நாள் தொடை கல்லு மாதிரி, மூணாம் நாள் ஒண்ணுக்கு கோலா கலர்ல. தசை உடைஞ்சு அதுல இருக்கறது ரத்தத்துல கலந்து கிட்னிய அடைக்கும், ராப்டோன்னு சொல்லுவோம். தசை உடைஞ்சா ரத்தத்துல ஏறற சிகே-ங்கற என்சைம் அளவு சாதாரணமா எரநூறுக்குள்ள இருக்கணும், அவனுக்கு அறுபதாயிரத்துக்கு மேல. பாட்டில் பாட்டிலா சலைன் ஏத்தினோம், தப்பிச்சான். அவனோட அம்மா என் கைய புடிச்சுக்கிட்டு "ஓடியாடினா நல்லதுன்னுதானேம்மா சொல்றாங்க"ன்னு கேட்டாங்க. ஒண்ணுக்கு டீ டிகாக்‌ஷன் கலர்ல போனா எந்த ட்ரெய்னர் என்ன சொன்னாலும் நேரா கேஷுவாலிட்டி.

மந்தன் அண்ணா உங்ககிட்ட நாலு கேள்வி. குறட்டை விடுவீங்களா? காலைல எந்திரிக்கும்போது தலைவலி, வாய் வறட்சி உண்டா? சட்டை காலர் சைஸ் என்ன? சேலஞ்ச் நாள்ல எத்தன மணிக்குப் படுப்பீங்க?

கோவை_மந்தன்:
குறட்டைய பத்தி வீட்ல கேட்டா ஒரு தனி இழையே போடுவாங்க சிஸ்டர். எங்கூர்ல இருந்து ட்ரெயின்ல போனா எதுத்த பெர்த்காரங்க டிடிஆர்கிட்ட சீட்டு மாத்தித் தரச் சொல்லுவாங்க. தலைவலி தினமும், நான் அது காப்பி குடிக்காத தலைவலின்னு நெனச்சேன். காலர் 44. படுக்கறது பதினொன்னரை, அலாரம் நாலே முக்கால்.

ராத்திரி_டூட்டி:
நெனச்சேன். தூக்கத்துல தொண்டை அடைச்சு மூச்சு நிக்குதான்னு பாக்கணும். கழுத்துல கொழுப்பு சேந்தா படுத்ததும் வழி மூடிக்கும், ஆக்ஸிஜன் எறங்கும், மூளை அலறியடிச்சு எழுப்பி விடும், நீங்க முழிச்சது உங்களுக்கே தெரியாது. மறதி, எரிச்சல், மதியத் தூக்கம், காலைத் தலைவலி, பிரஷர் எல்லாமே இதுல வரும். நல்ல நுரையீரல் டாக்டர் இல்ல காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட போயி தூக்கப் பரிசோதனை எழுதி வாங்குங்க. தள்ளிப்போடாதீங்க. பைக் ஓட்டறீங்களா? ஓட்டினா இன்னும் சீக்கிரம் போங்க.

மலர்_மொட்டைமாடி:
குண்டா இருக்கறவங்களுக்கு மட்டும்தான் இதெல்லாம்னு நெனச்சுட்டு இருக்கற ஒல்லிக்காரங்களுக்கு ஒரு வார்த்த. எனக்கு 52 கிலோ, 43 வயசு, சுகர் 4 வருஷமா. சொன்னா யாரும் நம்பறதில்ல. புனேல யாஜ்னிக்னு ஒரு டாக்டர், லண்டன் டாக்டர் யுட்கினோட சேந்து நின்னு ஒரு போட்டோ போட்டு 2004ல லான்செட்ல எழுதினாரு. உயரத்துக்கு எடை எவ்வளவுன்னு சொல்ற பிஎம்ஐ ரெண்டு பேருக்கும் ஒரே 22.3. உடம்புல கொழுப்பு லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம்ம ஆளுக்கு 21.2. நமக்கு கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் பானை. அதனாலதான் 2009ல நம்ம ஊருக்கு பிஎம்ஐ 25 தொட்டாலே உடல் பருமன்னு கணக்கு வெச்சாங்க, இடுப்பு ஆம்பளைக்கு 90 சென்டிமீட்டர் பொம்பளைக்கு 80. டேப் வெச்சு தொப்புள் பக்கம் அளங்க, வயித்த எக்காம அளங்க.

நான் ஜிம்முக்கு போக வழியில்ல, தெருவுல நடந்தா எங்க மாமியாருக்கு ஆகாது, மொட்டைமாடில துணி காயற கயித்துக்கு அடில குனிஞ்சு குனிஞ்சு எட்டு போட்டு நடக்கறேன், சாப்பிட்டு முடிச்ச உடனே கால் மணி. தசை வேலை செய்யறப்ப இன்சுலின கேக்காமலே சக்கரைய உள்ள இழுத்துக்குமாம், மீட்டர்ல எனக்கே கண்ணால தெரியுது.

பழைய_கபடி:
அம்மா உங்க நடைக்கு நான் தலை வணங்கறேன். எனக்கு இப்ப 88 கிலோ, அத யாரும் கேக்கல பாருங்க.

கணக்குப்பிள்ளை:
எடை ஏன் அசையலன்னு கேட்டாரே, அதுக்கு யாரும் பதில் சொல்லல. அமெரிக்கால டிவில ஒரு எடை கொறைப்பு போட்டி நடந்துச்சு, தி பிக்கஸ்ட் லூஸர்னு. அதுல கலந்துக்கிட்ட 14 பேர ஆறு வருஷம் கழிச்சு கெவின் ஹால்னு ஒரு ஆராய்ச்சியாளர் அளந்தாரு, 2016ல வந்துச்சு. போட்டில சராசரி 58 கிலோ கொறைச்சவங்க, 41 கிலோ திரும்ப ஏறிடுச்சு. அத விட மோசம், சும்மா படுத்திருக்கும்போது உடம்பு செலவு பண்ற கலோரி, அந்த எடைக்கு இருக்க வேண்டியத விட நாளுக்கு 500 கம்மி. ஆறு வருஷம் கழிச்சும்! சம்பளம் வெட்டினா வீட்ல எப்படி ஃபேன ஆஃப் பண்ணுவோம், பால் பாக்கெட்ட கொறைப்போம், உடம்பும் அதே மாதிரி சிக்கனத்துக்கு எறங்கிடுது. அதனால மந்தன் நண்பா, 104லயே மூணு மாசம் ஏறாம நிக்கறதே லாபக் கணக்குதான், நட்டத்துல எழுதாதீங்க. முட்டிக்கும் சொல்றேன், ஒரு கிலோ கொறஞ்சா ஒவ்வொரு அடிக்கும் முட்டி மேல 4 கிலோ பாரம் கொறையுதுன்னு அளந்திருக்காங்க. உங்களுக்கு 4 கிலோ போயிருக்கு, பெருக்கிக்கங்க.

மெரினா_ஓட்டம்:
நான் நாலு ஃபுல் மாரத்தான் ஓடினவன், அதனால எங்க கூட்டத்து கதையும் சொல்லிடறேன். 2009ல இத்தாலில பாரி ஊர்ல கெளம்பி நார்வே வடமுனை வரைக்கும் 4487 கிலோமீட்டர், 64 நாள், லீவே இல்லாம ஓடினாங்க. ஒரு எம்ஆர்ஐ மெஷின லாரில ஏத்திக்கிட்டு டாக்டருங்களும் பின்னாடியே போனாங்க, நெனச்சா சிரிப்பா இருக்கு. ஓடி முடிக்கறதுக்குள்ள மூளையோட சாம்பல் பகுதி 6 சதவீதம் கிட்ட சுருங்கிருச்சு. எட்டு மாசத்துல பழையபடி வந்துருச்சு. அளவுக்கு மீறினா மூளையும் தேயும், விட்டா தேறும். நீங்க 52 நாள்ல நின்னது சரிதான், எங்க குரூப்ல சொன்னா என்ன அடிப்பாங்க.

லேப்_எலி:
அருமை. எதிர்ப்பக்கமும் ஒண்ணு சொல்லிடறேன், நடைய கேலி பண்ணினதால. 2011ல 55லேர்ந்து 80 வயசுக்குள்ள 120 பேரு. பாதிப் பேரு வாரத்துக்கு மூணு நாள் 40 நிமிஷம் நடை, மீதிப் பேரு உடம்ப நீட்டி வளைக்கற பயிற்சி. ஒரு வருஷம். நடந்தவங்களுக்கு ஞாபகம் சேத்து வெக்கற ஹிப்போகாம்பஸ் 2 சதவீதம் வளந்துச்சு, மத்தவங்களுக்கு 1.4 சதவீதம் சுருங்குச்சு. சின்ன ஆய்வுதான், ஸ்கேன் அளவ ரொம்ப நம்பாதீங்கன்னு எங்க லேப்லயே சண்டை நடக்கும். ஆனா அதுல யாரும் குதிக்கல.

கோவை_மந்தன்:
ஆறு வாரம் கழிச்சு வர்றேன். இழை செத்துப் போயிருக்கும்னு நெனச்சேன்.

சிஸ்டர் சொன்னபடி டெஸ்ட் எடுத்தேன். வீட்டுக்கே ஒரு பையன் வந்து நெஞ்சுல பட்டை, வெரல்ல கிளிப்பு, மூக்குல டியூபு மாட்டிட்டுப் போனாப்ல, கல்யாண மாப்பிள்ளை மாதிரி அலங்காரம், பொண்ணு போட்டோ புடிச்சு வெச்சிருக்கா. ரிசல்ட்டு: ஒரு மணி நேரத்துக்கு சராசரி 38 தடவ மூச்சு நின்னிருக்கு இல்ல கொறஞ்சிருக்கு. ஆக்ஸிஜன் 74 வரைக்கும் எறங்கிருக்கு. டாக்டர் ரிப்போர்ட்ட பாத்துட்டு "நீங்க தூங்கப் போறதில்ல சார், ராத்திரி பூரா கெணத்துல முங்கி முங்கி எந்திரிக்கறீங்க"ன்னாரு. இந்த லட்சணத்துல அஞ்சு மணி நேரம் படுத்துட்டு போயி பாக்ஸ் ஜம்ப் பண்ணிருக்கேன்.

இப்ப சிபேப் மெஷின், தூங்கும்போது மாஸ்க் வழியா காத்த அழுத்தி ஊதி தொண்டை மூடாம வெக்கறது. மாஸ்க் போட்டா பொண்ணு யானைன்னு கூப்பிடறா. பத்தாவது நாள்ல காலைத் தலைவலி நின்னுச்சு. மூணாவது வாரம் மீட்டிங்ல முழிச்சிருந்தேன், எங்க மேனேஜர் அவ்வளவு மோசமாப் பேசறாருன்னே அப்பத்தான் தெரிஞ்சுது. ரேஸ்கோர்ஸ் ஒரு ரவுண்டு ரெண்டரை கிலோமீட்டர், இப்ப ரெண்டு ரவுண்டு, அதுல லேப் எலி தம்பி சொன்ன நார்வே கணக்கு மாதிரி நாலு எடத்துல மட்டும் மூச்சு வாங்கற அளவுக்கு வேகம், டாக்டர்கிட்ட ஈசிஜி, எக்கோ, ட்ரெட்மில் எல்லாம் பாத்து கேட்டுட்டுத்தான். எடை 102.

மொத நாள் ராத்திரி மெஷின் போட்டுத் தூங்கினப்ப ஒரு மணி இருக்கும், வீட்டம்மா என்னை உலுக்கி எழுப்பிட்டாங்க. என்னாச்சுன்னு மாஸ்க்க கழட்டிக் கேட்டா, "சத்தத்தையே காணோம், பயந்துட்டேங்க"ன்னு சொல்லிட்டு திரும்பிப் படுத்துக்கிட்டாங்க.

ராத்திரி_டூட்டி:
மாஸ்க்க தினமும் சோப்பு தண்ணில கழுவுங்க அண்ணா, கன்னத்துல தடிப்பு வந்தா பெல்ட்ட ஒரு கண்ணி தளத்துங்க. கபடி அண்ணா, 88 கிலோன்னு சொன்னீங்களே, நீங்க குறட்டை விடுவீங்களா?

பழைய_கபடி:
வீட்ல கேட்டு சொல்றேன்.